சிங்க ஹென்றியின் குடும்ப மரத்தை வரைவது எப்படி: இடைக்கால ஜெர்மனிக்குள் நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

இடைக்கால ஜெர்மனியின் வரலாற்றைப் படிக்க ஆசைப்பட்டு, இருபதாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தடுக்கி விழ வைப்பது போர்களோ ஆண்டுகளோ அல்ல. பெயர்கள்தாம். ஹென்றி, ஃபிரடெரிக், கோன்ராட், ஓட்டோ என்று பத்துப் பதினைந்து பெயர்களையே தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். யார் யாருக்கு என்ன முறை என்பது பிடிபடாவிட்டால் நடப்பது எதுவும் விளங்காது. முறை பிடிபட்டுவிட்டாலோ, இவர் ஏன் அவரை எதிர்த்தார், அந்த ஊர் எப்படிக் கைமாறியது என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும்.

அதற்கு ஒரே ஒரு டியூக்கை, அதாவது அரசருக்குக் கீழே ஒரு பெரிய பகுதியை ஆண்ட பிரபுவை, எடுத்துக்கொண்டு, அவர் குடும்பத்தைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. இங்கே நான் எடுத்துக்கொள்வது வடக்கே சாக்சனிக்கும் தெற்கே பவேரியாவுக்கும் டியூக்காக இருந்த சிங்க ஹென்றியை. ஜெர்மானியர் அவரை ‘ஹைன்ரிஷ் டெர் லோவ’ என்பார்கள். மியூனிக் நகரத்தின் பிறந்தநாள் அவரோடு சேர்ந்தது. லூபெக் துறைமுகம் வளர்ந்ததும் அவர் கையில்தான். புனித ரோமப் பேரரசர் பார்பரோசாவோடு கூடிப் பழகி, பிறகு பகைத்து, பதவிகளை இழந்து நாடு கடந்து போனவர். பிரிட்டனின் அரச குடும்பம் வரை வேர் ஓடும் வம்சம் அவருடையது.

ஒரு பெரிய தாள், இரண்டு நிற மை, ஒரு மாலைப்பொழுது. இவ்வளவு போதும்.

முதல் படி: எண்களை நம்பாமல் பட்டப்பெயரைப் பிடியுங்கள்

பவேரிய டியூக்குகளின் பட்டியலைப் பாருங்கள். ஒன்பதாம் ஹென்றி நம் ஆளின் தாத்தா. பத்தாம் ஹென்றி அப்பா. பதினோராம் ஹென்றி, அம்மாவை மறுமணம் செய்துகொண்டவர். பன்னிரண்டாம் ஹென்றிதான் நாம் தேடி வந்த சிங்கம். ஒரே வீட்டில் நான்கு ஹென்றிகள். அவரே சாக்சனியின் பட்டியலில் மூன்றாம் ஹென்றி, அவர் அப்பா அங்கே இரண்டாம் ஹென்றி. ஒரு நூல் பவேரிய எண்ணையும் மற்றொன்று சாக்சனி எண்ணையும் போட்டால், இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றே புதியவர் நினைத்துக்கொள்வார். நானும் பல மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆகவே தாளில் எண்களை எழுதவே வேண்டாம். பட்டப்பெயரை எழுதுங்கள். தாத்தா கறுப்பு ஹென்றி. அப்பா செருக்கு ஹென்றி. மாற்றாந்தகப்பன் ஹென்றி யாசோமிர்கோட். பிறகு சிங்க ஹென்றி. இவர்களோடு இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியும் பேரரசர் ஆறாம் ஹென்றியும் பின்னால் வருவார்கள். அவர்களை ‘மாமனார் ஹென்றி’, ‘பார்பரோசா மகன் ஹென்றி’ என்று குறித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

குலப்பெயர் இரண்டே இரண்டு நினைவில் இருந்தால் போதும். சிங்க ஹென்றி வெல்ஃப் குலம். பார்பரோசா ஷ்டாஃபர் குலம். இத்தாலியில் போப்பின் பக்கம் நின்றவர்களைக் குவெல்ஃபுகள் என்று அழைத்தது இந்த வெல்ஃப் பெயரை வைத்துத்தான். எதிர்க்கட்சியான கிபெல்லின்களின் பெயர் ஷ்டாஃபர்களின் வைப்லிங்கன் கோட்டையிலிருந்து வந்தது.

இரண்டாம் படி: பெண்களை முதலில் வரையுங்கள்

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். வழக்கமான வம்ச அட்டவணைகளில் அப்பா, மகன், பேரன் என்று தடித்த கோடு கீழே இறங்கும். மனைவியர் பெயர் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு சிங்க ஹென்றியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. அவரிடம் இருந்த பெரும்பாலான சொத்து பெண்கள் வழியாக வந்தது. அவருடைய நண்பர்களும் எதிரிகளும் பெண்கள் வழி உறவினர்களே.

தமிழருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ படிப்பவருக்கு ஒரே ‘கசின்’ என்ற சொல்லில் மறைந்துபோகும் உறவுகளை, நம் மொழி அத்தை மகன், மாமன் மகன், சித்தப்பா மகன், பெரியம்மா மகன் என்று பிரித்துக் காட்டிவிடும். ஆகவே தாளின் நடுவில் சிங்க ஹென்றியை எழுதி, மற்ற எல்லாரையும் அவருக்கு என்ன முறை என்ற தமிழ்ச் சொல்லோடு எழுதுங்கள்.

அப்பாவைப் பெற்ற பாட்டியிலிருந்து தொடங்குங்கள். அவர் பெயர் வுல்ஃப்ஹில்ட். சாக்சனியைப் பல தலைமுறை ஆண்ட பில்லுங் குலத்தின் கடைசி டியூக் மாக்னுஸ் 1106-ல் இறந்தபோது அவருக்கு மகன் இல்லை. வுல்ஃப்ஹில்ட், எய்லிகா என்று இரண்டு மகள்கள். வுல்ஃப்ஹில்ட் கறுப்பு ஹென்றியை மணந்தார். லூனபர்க் பகுதிச் சொத்து வெல்ஃப் குலத்துக்கு வந்தது அவரால்தான். எய்லிகாவின் மகன் ஆல்பர்ட், ‘கரடி’ என்று பட்டப்பெயர் பெற்றவர். ஆக, சிங்க ஹென்றியின் அப்பாவும் கரடி ஆல்பர்ட்டும் அக்கா தங்கை பிள்ளைகள். இரண்டு பேருமே ‘என் அம்மா வழியில் சாக்சனி எனக்குத்தான்’ என்றார்கள். இந்தச் சண்டை அடுத்த தலைமுறையிலும் தொடரும். எய்லிகாவின் பெயருக்குக் கீழே இடம் விட்டு வையுங்கள்.

அடுத்து அத்தை. அப்பாவின் சகோதரி யூடித், சுவேபியாவின் டியூக் ஃபிரடெரிக்கை மணந்தார். அவர்களுடைய மகன்தான் சிவந்த தாடிக்காரர் என்று பொருள்படும் பார்பரோசா. எனவே பேரரசர் பார்பரோசா சிங்க ஹென்றிக்கு அத்தை மகன், அதுவும் வயதில் மூத்தவர். அத்தான் முறை என்று எழுதிவிடுங்கள். இருவரும் இருபது ஆண்டுக்கு மேல் ஒட்டி உறவாடியதற்கும், பிரிந்தபோது கசப்பு அவ்வளவு ஆழமாக இருந்ததற்கும் அடிப்படை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

மூன்றாவதாக அம்மா வழி. அம்மா கெர்ட்ரூட், பேரரசர் மூன்றாம் லோத்தருக்கும் ரிஷென்சாவுக்கும் ஒரே பிள்ளை. 1125-ல் அரசரைத் தேர்ந்தெடுக்கப் பிரபுக்கள் கூடியபோது, சுவேபியாவின் ஃபிரடெரிக் தானே வருவோம் என்று நம்பியிருந்தார். அவருடைய மாமனார் கறுப்பு ஹென்றியோ கடைசியில் மருமகனைக் கைவிட்டு லோத்தர் பக்கம் சாய்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து 1127-ல் அவர் மகன் செருக்கு ஹென்றிக்கும் லோத்தரின் மகள் கெர்ட்ரூடுக்கும் திருமணம். அப்போது பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பிரவுன்ஷ்வைக் ஊரும், அதைச் சுற்றிய நிலமும், ரிஷென்சா வழி வந்த நார்ட்ஹைம் சொத்தும் பின்னாளில் சிங்க ஹென்றியின் கைக்கு வந்தது இந்த ஒரே மகள் வழியாகத்தான்.

பிறந்த ஆண்டைப் பற்றி இங்கேயே ஒரு பயிற்சி. சிங்க ஹென்றி பிறந்த ஆண்டு என்று 1129 முதல் 1135 வரை பல எண்கள் நூல்களில் கிடைக்கும். அந்தக் காலத்தில் பிறப்பை யாரும் ஒழுங்காகப் பதியவில்லை. இறந்த நாளைத்தான் குறித்தார்கள், ஆண்டுதோறும் அன்று ஜெபம் செய்ய வேண்டுமே. எனவே ஒரு பிறந்த ஆண்டைப் பார்த்தால் தாயின் வயதோடு ஒப்பிடுங்கள். கெர்ட்ரூட் பிறந்தது 1115. 1129 என்றால் தாய்க்குப் பதினான்கு வயதுதான். அதற்கு மேல் எந்த ஆண்டை ஏற்பது என்பதைத் தாளில் முடிவு செய்ய வேண்டாம், ‘1129/35’ என்றே எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு நிற மை

நிலத்தைக் குறிக்காத குடும்ப மரம் பாதி மரம்தான். ஆனால் டியூக்கின் நிலம் ஒரே வகைப்பட்டதல்ல. அரசர் பதவியோடு சேர்த்துக் கொடுத்தது ஒன்று. அதற்கு ஃபீஃப் என்று பெயர். விசுவாசம் தவறினால் அரசர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்பன் பாட்டன் வழியிலும் அம்மா பாட்டி வழியிலும் வந்த சொந்தச் சொத்து இன்னொன்று. அதற்கு அலோட் என்று பெயர். முன்னதைச் சிவப்பு மையிலும் பின்னதை நீல மையிலும் எழுதுங்கள்.

சாக்சனி டியூக் பதவி, பவேரியா டியூக் பதவி இரண்டும் சிவப்பு. பிரவுன்ஷ்வைக், லூனபர்க் நிலங்கள் நீலம். 1180-ல் பேரிடி விழும்போது சிவப்பில் எழுதியதை எல்லாம் அடித்துவிடுவீர்கள். நீலம் அப்படியே நிற்கும். அந்த நீலத்துக்கு மேலே யார் பெயர் இருக்கிறது என்று அப்போது பாருங்கள்: ரிஷென்சா, கெர்ட்ரூட், வுல்ஃப்ஹில்ட்.

நான்காம் படி: பிள்ளைப் பருவத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

பல சுருக்கங்கள் 1142-ல் அவர் டியூக் ஆனதிலிருந்து தொடங்கும். அதற்கு முந்திய ஐந்து ஆண்டில்தான் அவருடைய பிற்கால நடத்தைக்கு விளக்கம் இருக்கிறது.

1137 டிசம்பரில் தாத்தா லோத்தர் இறந்தார். இரண்டு டியூக் பதவியும், முடிசூட்டுச் சின்னங்களும் கையில் வைத்திருந்த செருக்கு ஹென்றிதான் அடுத்த அரசர் என்று பலரும் எண்ணினார்கள். அதைக் கண்டே மற்றப் பிரபுக்கள் அஞ்சினார்கள். 1138-ல் ஷ்டாஃபர் குலத்துக் கோன்ராட் அரசராகிவிட்டார். இவர் யூடித் அத்தையின் கணவருக்குத் தம்பி. அரசரானதும் செருக்கு ஹென்றியின் இரண்டு பதவிகளையும் பறித்தார். சாக்சனி கரடி ஆல்பர்ட்டுக்கு. பவேரியா, கோன்ராடின் தாய் இரண்டாம் திருமணத்தில் பெற்ற மகனான பாபன்பர்க் குலத்து லியோபோல்டுக்கு. 1139 அக்டோபரில் செருக்கு ஹென்றி குவெட்லின்பர்க்கில் திடீரென இறந்தார்.

சிறுவனுக்காகச் சாக்சனியை விட்டுக்கொடுக்காமல் பிடித்து நின்றவர்கள் பாட்டி ரிஷென்சாவும் அம்மா கெர்ட்ரூடும். ரிஷென்சா 1141-ல் இறந்தார். மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. சாக்சனி பையனுக்கு. அம்மாவோ ஹென்றி யாசோமிர்கோட்டை மணந்துகொள்ள வேண்டும். இவர் லியோபோல்டின் சகோதரர். 1143-ல் பிரசவத்தில் கெர்ட்ரூட் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதே ஆண்டில் பவேரியா யாசோமிர்கோட்டின் கைக்கே போனது.

தன் அப்பாவிடமிருந்து பறித்த பவேரியாவில் அம்மாவின் இரண்டாம் கணவர் உட்கார்ந்திருக்கிறார், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பையன் வளர்ந்து ‘பவேரியா என்னுடையது’ என்று பதின்மூன்று ஆண்டு விடாமல் கேட்டதில் வியப்பில்லை.

1152-ல் அத்தான் பார்பரோசா அரசரானார். இரு குலத்து இரத்தமும் ஓடுபவர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவருடைய இன்னொரு உறவினர், ஃப்ரைசிங் ஆயர் ஓட்டோ, எழுதி வைத்தார். 1156 செப்டம்பர் 17 அன்று ரேகன்ஸ்பர்கில் தீர்ப்பு: பவேரியா சிங்க ஹென்றிக்கு. யாசோமிர்கோட்டை வெறுங்கையோடு அனுப்பாமல், ஆஸ்திரியாவைப் பவேரியாவிலிருந்து பிரித்துத் தனி டியூக் நாடாக்கிக் கொடுத்தார்கள். இன்றைய ஆஸ்திரியா தனி நாடாக உருவானதன் முதல் படி, ஒரு மாற்றாந்தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே தீர்த்து வைத்த பாகப்பிரிவினைதான்.

ஐந்தாம் படி: ஊர்களை ஒரு மூச்சில் குறித்துக்கொள்ளுங்கள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். தாளின் ஓரத்தில் நான்கு ஊர்கள் எழுதினால் போதும். மியூனிக்: ஈசார் ஆற்றில் ஃப்ரைசிங் ஆயருக்குச் சொந்தமான உப்புப் பாதைப் பாலத்தை ஹென்றி அழித்து, சந்தையையும் சுங்கத்தையும் தன் பக்கம் கொண்டுபோனார். 1158 ஜூன் 14 அன்று ஆவுக்ஸ்பர்கில் பேரரசர் வழங்கிய தீர்ப்பு, சந்தை மியூனிக்கிலேயே இருக்கட்டும், சுங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயருக்குப் போகட்டும் என்றது. அந்த நாளைத்தான் மியூனிக் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. பாலத்தை இழந்த ஆயர் வேறு யாருமல்ல, சற்று முன் பார்த்த அதே ஓட்டோ. யாசோமிர்கோட்டின் உடன்பிறந்தவர், அரசர் கோன்ராடுக்குத் தாய் வழிச் சகோதரர். அவர் எழுதியதைப் படிக்கும்போது இந்த உறவையும் இந்தப் பாலத்தையும் மறக்காதீர்கள்.

லூபெக்: தீயில் அழிந்த ஊரை 1159-ல் மறுபடி நிறுவி வணிகர்களைக் குடியேற்றினார். ஷ்வெரின்: 1160-ல் ஸ்லாவ் இனத் தலைவர் நிக்லோட்டைக் கொன்று கைப்பற்றிய இடம். நகர நிறுவனர் என்ற புகழுக்குப் பின்னால் ஸ்லாவ் மக்களின் நிலத்தைப் படை கொண்டு பறித்த கதை இருக்கிறது, அதையும் அதே வரியில் எழுதுங்கள். நான்காவது பிரவுன்ஷ்வைக், அம்மா வழி ஊர், அவர் தன் தலைமை இடமாக்கிக்கொண்டது.

ஆறாம் படி: இரண்டு திருமணங்களையும் நிதானமாகப் படியுங்கள்

முதல் மனைவி கிளெமென்சியா, தென்மேற்கே வலுவான ட்ஸேரிங்கன் குலத்து டியூக் கோன்ராடின் மகள். சீராகப் பாடன்வைலர் கோட்டை வந்தது. அதை 1158-ல் பார்பரோசாவிடம் கொடுத்து, தன் ஊருக்கு அருகே ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் நிலங்களை மாற்றிக்கொண்டார் ஹென்றி. கணவர் பவேரிய விவகாரமாகத் தெற்கே போனபோது, லூனபர்கில் இருந்து சாக்சனியைக் கவனித்துக்கொண்டவர் கிளெமென்சியா. ஆண் குழந்தை ஒன்று சிறு வயதிலேயே இறந்தது. வளர்ந்து பெரியவளானது கெர்ட்ரூட் என்ற மகள் மட்டும். பாட்டியின் பெயர்.

1162-ல் கோன்ஸ்டான்ஸ் நகரில் இந்தத் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தார்கள். சொன்ன காரணம், இருவரும் இரத்த உறவு என்பது. இங்கே தமிழ் வாசகர் ஒரு நொடி நிற்க வேண்டும். அத்தை மகளையும் மாமன் மகளையும் உரிமைப் பெண்ணாகக் கருதிய வழக்கம் நம்முடையது. அன்றைய திருச்சபையோ ஏழு தலைமுறை வரை உறவில் மணக்கக் கூடாது என்று தடுத்திருந்தது. 1215-ல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள். எல்லா உயர்குடியினரும் ஏதோ ஒரு வழியில் உறவினர்களாக இருந்த உலகத்தில் இந்த விதியை எழுத்துக்கு எழுத்து யாரும் பின்பற்றவில்லை. மண உறவை முறிக்க விரும்பியபோது மட்டும் அதை எடுத்துக் காட்டினார்கள். அப்போது பார்பரோசாவுக்கும் ட்ஸேரிங்கன் குலத்துக்கும் பகை. ஹென்றிக்கும் ஆண் வாரிசு இல்லை. ‘இரத்த உறவு’ என்று எங்கே படித்தாலும், அந்த ஆண்டில் யாருக்கு யாரோடு பகை என்று தேடிப் பாருங்கள். கிளெமென்சியா பிறகு சவாய் குலத்து மூன்றாம் ஹம்பெர்ட்டை மணந்தார்.

இரண்டாம் மனைவி மட்டில்டா. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கும் அக்விடேன் எலினாருக்கும் மூத்த மகள், பின்னாளில் இங்கிலாந்து அரசர்களான ரிச்சர்டுக்கும் ஜானுக்கும் அக்கா. 1168 பிப்ரவரி 1 அன்று மிண்டன் பேராலயத்தில் திருமணம். மணப்பெண்ணுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ. மாப்பிள்ளைக்கு முப்பதைத் தாண்டிய வயது. தன் அப்பாயியைப் போலவே இந்தப் பெண்ணும் அரசியலுக்காகக் கடல் தாண்டி அனுப்பப்பட்ட குழந்தை. இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

1172-ல் ஹென்றி ஜெருசலேமுக்குப் புனிதப் பயணம் போனபோது கருவுற்றிருந்த மட்டில்டா பிரவுன்ஷ்வைக்கில் தங்கினார். பிறந்த மகளுக்குக் கொள்ளுப்பாட்டி பெயரான ரிஷென்சா. பிறகு ஹென்றி, லோத்தர், ஓட்டோ என்று மகன்கள். கடைசி மகன் வில்லியம் 1184-ல் வின்செஸ்டரில் பிறந்தார். ஜெர்மன் டியூக்கின் பிள்ளை ஏன் இங்கிலாந்தில் பிறந்தது? அடுத்த படியில் விடை இருக்கிறது.

ஏழாம் படி: வீழ்ச்சியைச் சொத்துத் தகராறாகவும் பாருங்கள்

1176 தொடக்கத்தில், இத்தாலியப் போரில் சிக்கிய பார்பரோசா, ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள கியவென்னாவில் சிங்க ஹென்றியைச் சந்தித்துப் படை உதவி கேட்டார். ஹென்றி மறுத்தார். மே 29 அன்று லெஞ்ஞானோவில் பேரரசருக்குத் தோல்வி. பேரரசர் மண்டியிட்டுக் கெஞ்சினார் என்பது மிகப் புகழ்பெற்ற காட்சி. ஓவியங்கள் பல உண்டு. ஆனால் அதை விரித்து எழுதியவர்கள் பிற்காலத்தவர், நேரில் பார்த்தவர்கள் அல்ல. உங்கள் தாளில் சந்திப்பை மையிலும் மண்டியிட்டதைப் பென்சிலிலும் எழுதுங்கள். உதவிக்கு விலையாக வெள்ளிச் சுரங்கமுள்ள கோஸ்லரை ஹென்றி கேட்டார் என்பதையும் பலர் எழுதியிருக்கிறார்கள்.

இதே நேரத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. புதியவர்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஹென்றியின் சித்தப்பா ஆறாம் வெல்ஃப். அவருடைய ஒரே மகன் 1167-ல் ரோமில் பரவிய கொள்ளைநோய்க்குப் பலியானார். (சிங்க ஹென்றியின் மூத்த மகள் கெர்ட்ரூட் விதவையானதும் அதே நோயால்தான். பிறகு அவர் டென்மார்க் அரசர் ஆறாம் கனூட்டை மணந்தார்.) வாரிசற்ற சித்தப்பா, தென் ஜெர்மனியில் இருந்த வெல்ஃப் குலச் சொத்தைப் பணத்துக்கு மாற்றாக அண்ணன் மகனுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். ஹென்றி பணத்தைத் தரவில்லை, காலம் தாழ்த்தினார். கடைசியில் சித்தப்பா அந்தச் சொத்தை அக்கா மகனான பார்பரோசாவுக்கே கொடுத்துவிட்டார். அண்ணன் மகனுக்குப் போக வேண்டியது அக்கா மகனுக்குப் போய்விட்டது. அத்தானுக்கும் இவருக்கும் இடையே விரிசல் எப்படி வளர்ந்தது என்பதற்குக் கியவென்னாவை விட இந்தக் கணக்கு எனக்கு அதிகம் புரிய வைத்தது.

பிறகு நடந்தது விரைவாக நடந்தது. சாக்சனியின் பிரபுக்களும் ஆயர்களும் ஹென்றி மீது முறையீடு கொடுத்தார்கள். 1179-ல் பலமுறை அழைத்தும் அவர் மன்றத்துக்கு வரவில்லை. 1180 ஜனவரியில் வூர்ட்ஸ்பர்கில் பதவிகள் பறிபோயின. ஏப்ரல் 13 அன்று கெல்ன்ஹவுசனில் எழுதிய சாசனம் சாக்சனியை இரண்டாக வெட்டியது. மேற்குப் பகுதி கொலோன் பேராயருக்கு. கிழக்குப் பகுதியும் டியூக் பட்டமும் பெர்ன்ஹார்டுக்கு. இவர் கரடி ஆல்பர்ட்டின் மகன், எய்லிகாவின் பேரன். விட்டு வைத்த இடத்தில் இப்போது எழுதுங்கள். பவேரியா விட்டல்ஸ்பாக் குலத்து ஓட்டோவுக்கு. 1181 நவம்பரில் எர்ஃபுர்ட்டில் ஹென்றி சரணடைந்தார். அடுத்த ஆண்டு மனைவி, பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்கு, நார்மண்டிக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் போனார். 1185-ல் திரும்பியபோது கையில் இருந்தது நீல மையில் எழுதியது மட்டும்.

1189-ல் மறுபடி நாடு கடத்தப்பட்டார். அவர் இல்லாத அந்த வேளையில், ஜூன் மாதம், மட்டில்டா பிரவுன்ஷ்வைக்கில் இறந்தார்.

எட்டாம் படி: பொருள்களைப் பாருங்கள்

பிரவுன்ஷ்வைக் கோட்டைச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிங்கம் நிற்கிறது. ஹென்றி 1166-ஐ ஒட்டி வார்க்கச் செய்தது. 1.78 மீட்டர் உயரம், 2.79 மீட்டர் நீளம், 880 கிலோ எடை. சதுக்கத்தில் இப்போது இருப்பது நகல். மூலம் அருகில் உள்ள டாங்க்வர்டரோட கோட்டைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. பக்கத்தில் 1173-ல் அவர் கட்டத் தொடங்கிய பேராலயம். உள்ளே ஹென்றியும் மட்டில்டாவும் அருகருகே படுத்திருக்கும் கல்லறைச் சிற்பம். ஹென்றியின் கையில் ஆலய மாதிரியும் வாளும். அவர்கள் இறந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு செதுக்கியது என்பதால் முகச்சாயல் தேட வேண்டாம்.

ஆனால் குடும்ப மரம் வரைபவருக்கு எல்லாவற்றிலும் பெரிய புதையல், ஹென்றி ஹெல்மார்ஷாவுசன் மடத்துத் துறவிகளிடம் எழுதி வாங்கிய நற்செய்தி நூலில் உள்ள ஒரு படம். இந்தக் கையெழுத்துப் பிரதியை 1983 டிசம்பரில் லண்டன் ஏலத்தில் 3.25 கோடி மார்க் கொடுத்து ஜெர்மனி மீட்டது. வோல்ஃபன்பூட்டல் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் படத்தில் வானத்திலிருந்து நீளும் கைகள் ஹென்றிக்கும் மட்டில்டாவுக்கும் முடி சூட்டுகின்றன. ஹென்றியின் பின்னால் வரிசையாக நிற்பவர்கள்: அப்பா, அம்மா கெர்ட்ரூட், தாத்தா லோத்தர், பாட்டி ரிஷென்சா. மட்டில்டாவின் பின்னால் அவர் அப்பாவும், பேரரசியாக இருந்த அப்பாயி மட்டில்டாவும்.

அந்த வரிசையை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். வெல்ஃப் குலத்தில் அப்பா ஒருவருக்குத்தான் இடம். கறுப்பு ஹென்றி இல்லை. மற்ற மூவரும் அம்மா வழி. பதவி இழந்த ஒரு டியூக், தான் யார் என்று உலகுக்குக் காட்ட அம்மாவையும் அம்மாவைப் பெற்றவர்களையும் நிறுத்தியிருக்கிறார். மட்டில்டாவின் பக்கம் அவரைப் பெற்ற தாய் எலினாரின் பெயர் இல்லை என்பதையும் கவனியுங்கள். கணவருக்கு எதிராக மகன்களின் கலகத்துக்குத் துணை நின்றதால் எலினார் பல ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டிருந்தார்.

ஒன்பதாம் படி: கீழே இறங்கும் கோடுகள்

சிங்க ஹென்றி 1195 ஆகஸ்ட் 6 அன்று பிரவுன்ஷ்வைக்கில் இறந்தார். ஆனால் தாளை மடிக்க இன்னும் நேரம் ஆகவில்லை.

இறப்பதற்கு ஓராண்டு முன்பு அவருக்குப் பேரரசர் ஆறாம் ஹென்றியோடு சமாதானம் ஏற்பட்டது. அதற்கு வழி திறந்தது ஒரு இரகசியத் திருமணம். மூத்த மகன் ஹென்றிக்கும், பார்பரோசாவின் தம்பி மகளான ஆக்னெஸுக்கும் முன்பே பேச்சு இருந்தது. குலப்பகையால் அது நின்றுபோனது. பெண்ணைப் பெற்ற தாய் இர்மென்கார்ட் அதை அப்படியே விட்டுவிடவில்லை. 1193-94 குளிர்காலத்தில், கணவர் ஊரில் இல்லாத வேளையில், ரைன் நதிக்கு மேலே ஷ்டாலெக் கோட்டைக்கு அந்த இளைஞரை வரவழைத்துத் திருமணத்தை முடித்து வைத்தார். பேரரசர் கொதித்தார், பிறகு ஏற்றுக்கொண்டார். மாமனாருக்குப் பின், அவர் ஆண்ட ரைன் நதிக்கரைப் பகுதியான பாலட்டினேட் மருமகனுக்கு வந்தது. சிவப்பு மையில் ஒரு புது வரி, அதுவும் ஒரு தாயின் துணிவால்.

இந்தத் தம்பதியின் ஒரே மகன் 1214-ல் வாரிசின்றி இறந்தார். மகள் ஆக்னெஸ், பவேரியாவின் டியூக் விட்டல்ஸ்பாக் ஓட்டோவை மணந்தார். 1180-ல் பவேரியாவைப் பெற்றுக்கொண்ட அதே குடும்பம். ஆக, 1918 வரை பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக்குகள் அனைவரும் சிங்க ஹென்றியின் கொள்ளுப்பேரன் வழி வந்தவர்களே. ஆண் வழிக் கோடு மட்டும் போட்ட அட்டவணையில் இது கண்ணில் படாது.

சிங்க ஹென்றியின் மகன்களில், மாமன் ரிச்சர்டின் அரவணைப்பில் வளர்ந்த ஓட்டோ 1198-ல் அரசராகவும் 1209-ல் பேரரசராகவும் ஆனார், வெல்ஃப் குலத்தில் ஒரே பேரரசர். 1214-ல் பூவின் போரில் தோற்று, 1218-ல் பிள்ளையின்றி இறந்தார். எஞ்சியது வின்செஸ்டரில் பிறந்த கடைக்குட்டி வில்லியமின் மகன் ஓட்டோ மட்டும். 1235-ல் நீல மை நிலங்களெல்லாம் சேர்ந்து பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் என்ற புது டியூக் நாடானது. இந்த ஓட்டோவே அதன் முதல் டியூக். அங்கிருந்து ஹனோவர் கிளை. 1714-ல் ஹனோவரின் ஜார்ஜ், தாய் சோஃபியா வழியாக வந்த உரிமையால் பிரிட்டிஷ் அரியணை ஏறினார். விக்டோரியா மகாராணி அந்தக் கோட்டில் வருபவர். சென்னை சென்ட்ரல் அருகே விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கடக்கும்போது, அந்தப் பெயருக்குரியவரும் உங்கள் தாளின் கீழ் ஓரத்தில் இருக்கிறார்.

தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்ததாகக் கரடி ஆல்பர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். எய்லிகாவில் தொடங்கி அவருடைய பாதி மரத்தை ஏற்கெனவே வரைந்துவிட்டீர்கள்.